அஜ்மீருக்கு மறுபடியும் வருகிறவர்கள்

ஜெய்ப்பூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்தால், ஹவா மஹல், ஆமேர் கோட்டை எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் அஜ்மீர், புஷ்கர் என்று ஒரு பயணம் நிச்சயம். 135 கிலோமீட்டர் தூரம். விடியற்காலை கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். எங்களைப் போல் இரவில் உண்ணாதவர்கள் பொழுது சாய்வதற்குள் வழியில் எங்காவது வண்டியை நிறுத்திக் கட்டுச்சோற்றை முடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வருகிறவர் முஸ்லிம் அன்பராக இருந்தால் கணக்கு தலைகீழ். அவருக்கு ஹவா மஹல் இரண்டாம் பட்சம்; முதலில் அஜ்மீர். ஆரணி, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று நம் வடாற்காட்டுப் பக்கத்திலிருந்து வரும் வியாபார நண்பர்களை நாற்பது வருஷமாக அழைத்துப் போய் வருகிறேன். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் மறுபடியும் வருகிறார்கள். சிலர் வருஷா வருஷம் வருகிறார்கள். ஆமேர் கோட்டையை யாரும் இரண்டாம் தரம் பார்க்கக் கேட்டதில்லை. தாஜ் மஹாலைக்கூடக் கேட்டதில்லை. அஜ்மீரை மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்ற கேள்வியைத்தான் இந்த மலரில் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

நான் சமணன், வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். தொழில் ஆரணிப் பட்டு மொத்த வியாபாரம். இஸ்லாமிய சமய நூல்களுக்கு விளக்கம் சொல்லும் தகுதி எனக்கில்லை, சொல்லவும் போவதில்லை. ஆனால் வந்தவர் ஏன் திரும்பி வருகிறார் என்பது கடை வைத்திருப்பவனுக்குப் புதிய கேள்வி அல்ல. தினம் கல்லாவில் உட்காரும்போது கேட்டுக்கொள்வதுதான்.

மேல்நாட்டு அறிஞர்களும் இதைக் கடையிலிருந்துதான் தொடங்கினார்கள். அமெரிக்கப் பேராசிரியர் பிலிப் கோட்லர் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். வாங்குகிறவன் சரக்கை மட்டும் வாங்குவதில்லை. கடையின் வெளிச்சம், வாசனை, சத்தம், தரையின் தொடுகை எல்லாம் சேர்ந்துதான் அவனை வாங்க வைக்கின்றன என்றார். மேரி ஜோ பிட்னர் என்ற பேராசிரியை 1992-இல் அதையே ஓட்டல், மருத்துவமனை, வங்கி என்று விரித்து, ஒரு இடத்தின் சூழல் உள்ளே வருகிறவர் மனதிலும் வேலை செய்கிறது, அங்கே பணி செய்கிறவர் மனதிலும் வேலை செய்கிறது என்று காட்டினார். இந்த அளவுகோலை இப்போது சுற்றுலாத் துறை ஆய்வாளர்கள் புனிதத் தலங்களுக்கும் வைத்துப் பார்க்கிறார்கள். சூழல் நன்றாயிருந்தால் அனுபவம் நன்றாயிருக்கும், அனுபவம் நன்றாயிருந்தால் திருப்தி, திருப்தி இருந்தால் மறுபடி வருவார் என்பது அவர்கள் போடும் சங்கிலி. அஜ்மீரில் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணிகள் அழகாகப் பொருந்துகின்றன. கடைசிக் கண்ணியில்தான் எனக்குச் சந்தேகம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குவாஜா முயீனுத்தீன் சிஷ்தி இன்றைய ஈரான், ஆப்கானிஸ்தான் எல்லையிலுள்ள சீஸ்தான் பகுதியிலிருந்து வந்தவர். அஜ்மீரில் தங்கி 1236-இல் மறைந்தார். ஏழைகளுக்கு அருள்பவர் என்ற பொருளில் 'கரீப் நவாஸ்' என்று ஜனங்கள் அழைக்கிறார்கள். அவர் மறைந்த ரஜப் மாதம் 6-ஆம் நாளை ஒட்டி நடக்கும் விழாதான் உர்ஸ். உர்ஸ் என்றால் திருமணம் என்று பொருள். இறைவனோடு சேர்ந்த நாள் என்பதால் துக்கநாளாக இல்லாமல் கல்யாண நாளாகக் கொண்டாடுகிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் நிர்வாண கல்யாணகம் நினைவுக்கு வந்தது. மகாவீரர் முக்தியடைந்த நாளை நாங்களும் தீபம் ஏற்றித்தானே கொண்டாடுகிறோம்.

ரயில் நிலையத்திலிருந்து மதார் கேட் வழியாக தர்கா பஜாருக்குள் நுழைந்து பாருங்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் போலத்தான் இருக்கும். ஆனால் போகப் போகத் தெரு குறுகிக்கொண்டே வரும். இரண்டு பக்கமும் ரோஜா இதழ் குவித்த கூடைகள், ஜரிகைச் சதர்கள், அத்தர், தொப்பி, சோஹன் அல்வா. பேரம், கூச்சல், ஆட்டோவின் ஹாரன், பிச்சை கேட்கும் குரல்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நகர வேண்டும். இந்த நெருக்கடியில் திடீரென்று தலைக்கு மேல் ஒரு பெரிய வாசல் நிமிர்ந்து நிற்கும். அது ஹைதராபாத் நிஜாம் உஸ்மான் அலி கான் கட்டியது, 1910-களைச் சேர்ந்தது. அதைத் தாண்டினால் ஷாஜஹான் வாசல், 17-ஆம் நூற்றாண்டு. அதையும் தாண்டினால் புலந்த் தர்வாஸா. மால்வா கில்ஜி சுல்தான்கள் காலத்தது என்பார்கள், அப்படியானால் 15-ஆம் நூற்றாண்டு. அதற்கும் உள்ளே 13-ஆம் நூற்றாண்டு மனிதர் அடங்கியிருக்கிறார். ஒவ்வொரு வாசலுக்கும் யாத்திரிகர் இருநூறு, முந்நூறு வருஷம் பின்னால் நடக்கிறார். யாரும் திட்டம் போட்டு இப்படிக் கட்டவில்லை. பின்னால் வந்தவர்கள் வெளியே வெளியே கட்டிக்கொண்டு போனதால் தானாக அமைந்தது. நம் ஊர்ப் பெரிய கோயில்களிலும் இதே கதைதான். கோபுரம் உயரமாக, புதிதாக இருக்கும். கருவறை சின்னதாக, பழையதாக இருக்கும்.

உள்ளே போனதும் காலுக்குக் கீழே சலவைக்கல். பஜாரின் சத்தம் பின்னால் போய், முன்னால் கவ்வாலி கேட்கும். ஆர்மோனியமும் கைத்தட்டலும் டோலக்கும் சேர்ந்து, பாட்டின் சொல் புரியாத நம் தமிழ் முஸ்லிம் அன்பர்களையும் கட்டி உட்கார வைத்துவிடும். அடக்கத்தலத்துக்குள் நுழைந்தால் நெரிசலில் அரை நிமிஷம், ஒரு நிமிஷம்தான். காதிம் எனப்படும் பரம்பரைப் பணியாளர் சதரின் ஒரு முனையை யாத்திரிகர் தலைமேல் போர்த்தி, துஆ ஓதி, மயிற்பீலியால் தொட்டு, கல்லறை மேலிருந்த ரோஜா இதழில் கொஞ்சம் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் இரண்டாயிரம் கிலோமீட்டர் வருகிறார்கள்.

ரோஜாவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பூவில் பெரும்பகுதி பக்கத்துப் புஷ்கர் வயல்களில் விளைகிறது. பிரம்மா கோயிலுக்கும் அதே பூ, குவாஜாவுக்கும் அதே பூ. காய்ந்த இதழை யாத்திரிகர்கள் காகிதத்தில் மடித்து ஊருக்குக் கொண்டுபோய் வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். மூக்கில் ஏறும் மணம் மற்ற புலன்களைப் போலச் சுற்றிப் போகாமல், மூளையில் உணர்ச்சியும் நினைவும் இருக்கும் பகுதிகளுக்குக் கிட்டத்தட்ட நேர்வழியாகவே போய்ச் சேர்கிறது என்று உடற்கூறு நூல்கள் சொல்கின்றன. பத்து வருஷம் கழித்தும் ரோஜாவும் சந்தனமும் லோபானும் கலந்த அந்த மணம் எங்காவது வீசினால், "அஜ்மீர் வாசனை" என்று நம் பாய்மார்கள் சொல்வது அதனால்தான்.

சாப்பாடும் சூழலில் சேர்த்திதான். புலந்த் தர்வாஸாவை ஒட்டி இரண்டு பக்கமும் இரண்டு பெரிய அண்டாக்கள் பதித்திருக்கின்றன. 'தேக்' என்பார்கள். நம் பிரியாணி மாஸ்டர்கள் சொல்லும் 'தேக்சா' இதற்குத் தம்பிச் சொல். பெரியது அக்பர் கொடுத்தது. 4,800 கிலோ வரை சமைக்கலாம் என்று கணக்குச் சொல்கிறார்கள். சின்னது ஜஹாங்கீர் கொடுத்தது, அதில் பாதி. யாத்திரிகர் ஒருவர் நேர்ந்துகொண்டு செலவை ஏற்றால், ராத்திரி முழுக்கச் சமைத்துக் காலையில் எல்லோருக்கும் கொடுப்பார்கள். அரிசி, சர்க்கரை, நெய், முந்திரி, பாதாம், திராட்சை, குங்குமப்பூ. மாமிசம் கிடையாது. எந்த மதத்தார் வந்தாலும் உண்ண வேண்டும் என்பதற்காக வைத்த முறை இது. இது தவிர தினமும் வாற்கோதுமைக் கஞ்சி லங்கரில் வார்க்கிறார்கள். இரவில் சமைத்தது எங்களுக்கு ஆகாது என்பதால் தேக் சோறு நான் உண்டதில்லை. கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கூட வந்தவரிடம் கொடுத்துவிடுவேன். ஆனால் வாங்காமல் வந்ததும் இல்லை.

இனிப் பெண்கள் விஷயம். இதை ஆண்கள் எழுதும் கட்டுரைகளில் விட்டுவிடுகிறார்கள். அஜ்மீரில் பெண்கள் அடக்கத்தலத்துக்குள்ளேயே போகலாம். எல்லா தர்காவிலும் அப்படி இல்லை. டில்லி நிஜாமுத்தீனில் பெண்கள் சாளரத்துக்கு வெளியே நின்றுதான் வேண்டிக்கொள்ள வேண்டும். மும்பை ஹாஜி அலியில் 2012 வாக்கில் உட்பகுதிக்குத் தடை வந்து, வழக்கு நடந்து, 2016 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. அந்த வழக்கு நடந்த காலத்தில் இங்கே வந்த அம்மாமார்கள், "அஜ்மீர்ல நம்மள உள்ள விடுறாங்க" என்று ஒரு பெருமையோடு சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். ஒரு இடம் தன்னை உள்ளே விட்டது என்ற நினைவு, திரும்பி வரும் ஆசைக்குப் பெரிய காரணம். தர்காவில் பேகமி தாலான் என்ற அழகான சலவைக்கல் முகமண்டபமே ஒரு பெண் கட்டியது. ஷாஜஹானின் மகள் ஜஹானாரா, 1640-களில். சிஷ்தி ஞானியரின் வரலாற்றை ஒரு நூலாகவே எழுதியவர் அவர்.

இதுவரை சொன்னதெல்லாம் நல்லது. நல்லதையே எழுதிக்கொண்டு போனால் அது பயண விளம்பரமாகிவிடும். பணம் கேட்டு நச்சரிப்பது உண்டு. "இவ்வளவு போட்டால்தான் துஆ" என்ற தொனியில் பேசுகிறவர்களும் உண்டு. கூட்ட நாளில் மூச்சுத் திணறும். செருப்பு தொலையும், பர்ஸ் தொலையும். 2007 அக்டோபர் 11 அன்று ரமலான் நோன்பு திறக்கும் நேரத்தில் தர்கா வளாகத்திலேயே குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வாசலில் சோதனை கடுமையாயிற்று. பழைய நாளில் கைவீசிக்கொண்டு நுழைந்த வாசலில் இப்போது கையை விரித்து நிற்க வேண்டியிருக்கிறது.

கடைச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் எனக்குச் சந்தேகம் என்றேனே, அது இங்கேதான். ஆரணியில் எனக்குப் பட்டு அனுப்பும் நண்பரின் தாயார், எழுபதை நெருங்கியவர், 2009 ஜூன் மாதம் உர்ஸுக்கு வந்தார். ராஜஸ்தான் வெயில் உங்களுக்குத் தெரியும். கூட்டத்தில் இரண்டு முறை தள்ளுண்டு, மூன்றாம் முறை உள்ளே போய், சதரைத் தொட்டாரா இல்லையா என்றே தெரியாமல் வெளியே தள்ளப்பட்டார். ஒருவர் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு இன்னொருவர் கேட்டபோது கண் கலங்கிவிட்டது. ஜெய்ப்பூர் திரும்பும் வழி முழுக்க அவர் பேசவே இல்லை. ஒரு கடையில் இப்படி நடந்திருந்தால் அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "தம்பி, இன்னொரு தரம் கூட்டிக்கிட்டுப் போவீங்களா?" என்றார்.

"போவோம் அம்மா. அடுத்த தரம் கூட்டமில்லாத நாளாப் பாத்துப் போவோம்" என்றேன்.

2011 பிப்ரவரியில் வந்தார். உர்ஸ் இல்லை, குளிர்காலம், விடியற்காலைத் தொழுகை நேரம். நின்று நிதானமாக வேண்டிக்கொண்டார். முந்தைய தரம் பேரனுக்கு வேண்டிச் சாளரத்தில் கட்டிய நூலுக்குப் பதிலாக ஒரு நூலை அவிழ்த்தார். (எந்த நூலை அவிழ்த்தாலும் சரிதான், ஆயிரக்கணக்கில் கட்டியிருக்கும் இடத்தில் தன்னுடையதைத் தேட முடியுமா?) வெளியே வந்ததும், "இப்பத் திருப்தியா அம்மா?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா போன தரம் நெரிசல்ல நின்னு அழுதேன்ல, அதுல ஒண்ணு இருந்துச்சு" என்றார். நான் வாயடைத்துப் போனேன்.

சுற்றுலா அளவுகோல் இதைப் பிடிக்காது. வாடிக்கையாளர் திருப்தியடைந்தால் திரும்புவார். யாத்திரிகர் மிச்சம் இருப்பதால் திரும்புகிறார். விக்டர் டர்னரும் அவர் மனைவி எடித்தும் 1978-இல் கிறிஸ்தவ யாத்திரை பற்றி எழுதிய நூலில், யாத்திரையில் ஏழை, பணக்காரன் என்ற வேலிகள் கொஞ்ச நேரம் விழுந்து, எல்லோரும் ஒரே சரக்காகிவிடும் நிலை ஒன்று உண்டு என்றார்கள். அஜ்மீர் நெரிசலில் அந்த அம்மாவுக்குக் கிடைத்தது அதுதானோ என்று நினைக்கிறேன். பணக்கார வீட்டுப் பெண்மணி, ஆயுளில் முதல் தரமாக யாரும் வழிவிடாத கூட்டத்தில் நின்று, கூட நின்றவர்களோடு சேர்ந்து அழுதிருக்கிறார். விடியற்காலை அமைதியில் அது கிடைக்காது. ஆகவே நெரிசலைக் குறைத்து வசதியைக் கூட்டினால் யாத்திரிகர் அதிகம் திரும்புவார் என்று நிர்வாகிகள் போடும் கணக்கு முழுசாகச் சரியில்லை. அதற்காக நெரிசல் வேண்டும் என்று சொல்லவில்லை. வயதானவர்கள் மிதிபட்டுப் போனால் அதற்கு எந்தத் தத்துவமும் சமாதானம் ஆகாது.

மிச்சம் வைத்து அனுப்பும் ஏற்பாடுகள் அஜ்மீரில் நிறைய. சாளரத்தில் நூல் கட்டினால் அவிழ்க்க வர வேண்டும். காதிம் குடும்பங்கள் தம்மிடம் வரும் யாத்திரிகர்களின் பெயரும் ஊரும் ஏட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். புஷ்கரில் பண்டாக்கள் வைத்திருக்கும் ஏடு போலத்தான். உர்ஸ் நெருங்கினால் அழைப்புக் கடிதம் வரும். முன்பு தபாலில், இப்போது வாட்ஸ்அப்பில். தாத்தாவின் காதிம் குடும்பமே பேரனுக்கும். தர்காவின் மேற்கே 'ஜன்னத்தி தர்வாஸா' என்ற வாசல் வருஷத்தில் சில நாட்கள்தான் திறக்கும்: உர்ஸ் நாட்கள், இரண்டு பெருநாள்கள், குவாஜாவின் குருவின் உர்ஸ். அதில் ஏழு தரம் நுழைந்தவருக்குச் சொர்க்கம் என்பது மக்கள் நம்பிக்கை. ஒரு வருகையில் அந்த நாள் அமையவில்லை என்றால் இன்னொரு வருகை.

எல்லாவற்றுக்கும் மேலே 'புலாவா' என்ற ஒரு சொல். அழைப்பு என்று அர்த்தம். குவாஜா கூப்பிட்டால்தான் வர முடியும். அவர் கூப்பிடாமல் டிக்கெட் எடுத்தாலும் ரயில் தவறும் என்பார்கள். இது எவ்வளவு நுட்பமான ஏற்பாடு பாருங்கள். வந்தால் கூப்பிட்டிருக்கிறார். வர முடியாவிட்டால் இன்னும் கூப்பிடவில்லை, காத்திருக்க வேண்டும். பஜாரில் ஏமாந்தாலும் அது பஜார்க்காரன் குற்றம். கூப்பிட்டவர் மேல் வருத்தமில்லை.

சமணனாகிய எனக்கு இது வேறு உலகம். எங்கள் தீர்த்தங்கரர் வீதராகர். விருப்பு வெறுப்பைக் கடந்தவர். அவர் யாரையும் கூப்பிட மாட்டார். கூப்பிட்டால் அவர் ஜினர் இல்லை. பொன்னூர் மலைக்கோ சம்மேத சிகரத்துக்கோ நாங்கள் ஏறினால் அது எங்கள் வினையைக் கழிக்க நாங்களாக ஏறுவது. சிகரத்தைப் பாவனையோடு ஒருமுறை வணங்கினாலே நரக கதி இல்லை என்ற நம்பிக்கை எங்களிடம் உண்டு. அப்படியானால் ஒருமுறை போதுமே? ஆனாலும் முழங்கால் தேய்ந்த பிறகும் டோலி வைத்துக்கொண்டு நாலாவது தரம் போகிறவர்களை நானறிவேன். "பகவான் கூப்பிட்டார்" என்று எங்கள் வீட்டுப் பெண்களும் சொல்வதுண்டு. சித்தாந்தம் ஒன்று சொல்லும். கால் ஒன்று செய்யும்.

அஜ்மீரிலேயே எங்களுக்கும் ஒரு இடம் இருக்கிறது. சோனிஜி கி நசியான் என்ற திகம்பரக் கோயில், 1860-களில் கட்டத் தொடங்கியது. ரிஷபதேவர் பிறந்த அயோத்தியைப் பொன்மயமாக ஒரு மண்டபம் நிறைய அமைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். அற்புதமான வேலை. ஆனால் அதை ஒருமுறை பார்த்த விருந்தாளி இரண்டாம் தரம் கேட்பதில்லை. பொன் அதிகம், தொட எதுவும் இல்லை. தர்காவில் பொன் குறைவு. எதைப் பார்த்தாலும் தொடலாம், முகரலாம், கட்டலாம், தின்னலாம். என் சொந்தக் கோயிலைக் குறைத்துச் சொல்வதாக எங்கள் சங்கத்தார் கோபித்துக்கொள்ளக் கூடாது. வியாபாரி கண்ணுக்குப் பட்டதைச் சொன்னேன்.

எல்லா முஸ்லிம்களும் அஜ்மீர் வருகிறார்கள், வர விரும்புகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கல்லறையில் வேண்டுவது மார்க்கத்துக்கு உட்பட்டதா என்ற வாதம் அவர்களுக்குள் பலமாக உண்டு. ஒரே வீட்டில் தகப்பனார் உள்ளே போவார், மகன் நிஜாம் வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்பான். இரண்டு பேரையும் நான் அழைத்துப் போயிருக்கிறேன். இந்த வேறுபாட்டிலும் சூழலுக்குப் பங்கு இருக்கிறது என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. பாகிஸ்தானில் 2006 ஹஜ்ஜுக்குக் குலுக்கலில் பெயர் விழுந்தவர், விழாதவர் என 1,600-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்டு, மூன்று பொருளாதார அறிஞர்கள் 2009-இல் வெளியிட்டார்கள். குலுக்கல் என்பதால் போனவரும் போகாதவரும் மற்றபடி ஒரே மாதிரி ஆட்கள். மக்காவில் பல தேசத்தாரோடு கலந்து திரும்பியவர்களிடம் தொழுகை, நோன்பு போன்ற பொதுக் கடமைகள் கூடின; தாயத்து முதலான உள்ளூர்ப் பழக்கங்கள் குறைந்தன; பிற இனத்தார், பிற பிரிவினர் சமம் என்ற எண்ணமும் பெண்கள் பற்றிய நல்லெண்ணமும் கூடின. ஆக உலகமே திரளும் சூழல் ஒரு விதமாக மனிதனைத் திருப்புகிறது. ரோஜாவும் நூலும் கவ்வாலியும் உள்ள சூழல் இன்னொரு விதமாகத் திருப்புகிறது. ஹஜ் வாழ்நாளில் ஒருமுறைதான் கடமை. அஜ்மீர் கடமையே அல்ல. கடமை இல்லாத இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறவரைத்தான் நான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறேன்.

அப்படி வந்தவர்களில் சரித்திரத்தில் பெரியவர் அக்பர். ஆக்ராவுக்குப் பக்கத்தில் வேட்டைக்குப் போனபோது பாடகர்கள் குவாஜாவைப் பாடக் கேட்டு, 1562-இல் முதல் தரம் வந்தார். மகன் சலீம் பிறந்ததும் நேர்ந்துகொண்டபடி 1570-இல் ஆக்ராவிலிருந்து நடந்தே வந்தார். அந்தச் சாலையில் குரோசத்துக்கு ஒரு தூண் நட்டார். சில தூண்கள் இன்றும் நிற்கின்றன. பல வருஷம் தவறாமல் வந்தவர் 1579-க்குப் பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார். தர்கா மாறவில்லை, வாசலும் மணமும் பாட்டும் அப்படியே இருந்தன. அவர் சமய எண்ணம் வேறு பக்கம் போயிருந்தது. சூழல்தான் எல்லாம் என்று வாதிக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. அதே இடத்துக்கு அவர் மகன் ஜஹாங்கீர் 1613-இல் வந்து மூன்று வருஷம் தங்கினார். நோய் தீர்ந்ததும் குவாஜாவின் அடிமை என்பதற்கு அடையாளமாகக் காது குத்தி முத்து அணிந்தார். இங்கிலாந்துத் தூதர் தாமஸ் ரோ 1616-இல் அவரைச் சந்தித்ததும் அஜ்மீரில்தான்.

இன்னொன்றும் சொல்லாமல் விட முடியாது. 2024 நவம்பரில், தர்கா இருக்குமிடத்தில் முன்பு கோயில் இருந்தது என்ற மனுவை அஜ்மீர் நீதிமன்றம் ஒன்று எடுத்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்பியது. இத்தகைய வழக்குகளில் கீழ் நீதிமன்றங்கள் ஆய்வுக்கோ தீர்ப்புக்கோ உத்தரவிடக் கூடாது என்று அடுத்த மாதமே உச்சநீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. வழக்கைப் பற்றி நான் பேசவில்லை. பக்கத்திலேயே அடாய் தின் கா ஜோப்ரா இருக்கிறது. பழைய கோயில் தூண்களைக் கொண்டு 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய மசூதி. அந்தத் தூண்களில் சமண வேலைப்பாட்டைப் பார்த்து எனக்கு நெஞ்சு கனத்ததுண்டு. கனத்த நெஞ்சோடு அடுத்த தெருவில் ஒரு கிழவி நூல் கட்டுவதையும் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்காக இன்னொன்றைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அந்தச் செய்தி வந்த வாரம் ஆரணி நண்பர் போன் செய்து, "நயினாரே, இந்தத் தரம் வரலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் பாய் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தரம். "தாராளமா வாங்க பாய், நான் கூட வர்றேன்" என்றேன். வந்தார். சூழல் என்பது மணமும் பாட்டும் மட்டுமல்ல, பயமில்லாமல் நடக்க முடிகிற தெருவும்தான் என்பது எனக்கு அப்போது உறைத்தது.

விருந்தாளிகளை அழைத்துப் போகும் நம் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். பெரிய பை, கேமரா வீட்டிலேயே இருக்கட்டும். தலைக்குத் துணியோ தொப்பியோ அவசியம், கைக்குட்டையும் போதும். வியாழன், வெள்ளியில் கூட்டம் அதிகம். மதியத்துக்கு மேல் கல்லறையைச் சுத்தம் செய்யும் கித்மத் நேரத்தில் கொஞ்ச நேரம் அடைத்திருப்பார்கள். மாலைத் தொழுகைக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றும் 'ரோஷ்னி' நடக்கும். அதைப் பார்க்கும்படி நேரம் வைத்துக்கொண்டால் நல்லது. காணிக்கையைத் தர்கா கமிட்டி அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கலாம். உள்ளே யார் கேட்டாலும் மனசுக்குப் பட்டதைக் கொடுத்தால் போதும், வாதம் வேண்டாம்.

உர்ஸ் சந்திரக் கணக்கு என்பதால் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். அதனால்தான் 2025-இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று இரண்டு உர்ஸ் வந்தன. 2026-இல் டிசம்பர் நடுவிலும், 2027-இல் நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்திலும் வரும். பிறை பார்த்து ஒரு நாள் மாறலாம். நாகூர்க் கந்தூரி ஜமாதுல் ஆகிர் மாதம் முதல் பதினாலு நாள். அஜ்மீரில் கொடியேற்றம் அதே மாதம் 25. ஆகவே நாகூரில் கந்தூரி முடிந்து ரயில் ஏறினால் இங்கே கொடியேற்றத்துக்குச் சரியாக வந்து சேரலாம். அப்படி வருகிற குடும்பங்கள் உண்டு. குளிருக்குக் கம்பளி எடுத்து வரச் சொல்லுங்கள். ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள், அழுத்திச் சொல்ல வேண்டும்.